பதினோராவது பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் சூர்யநாராயணன் பதினொன்று பார்த்தார். அந்தப் பதினோராவது என்னவென்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் ஒரு காலத்தில் வந்தது. இப்போது வயிறுதான் எரிகிறது.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரிலிருந்து புனேக்குப் பிழைக்க வந்து, பிம்ப்ரியில் ஒரு மோட்டார் கம்பெனியின் பிளானிங் டிபார்ட்மென்டில் ரிடையர் ஆகும்வரை உட்கார்ந்திருந்தவர். எந்த போல்ட் எந்த லாரியில் என்றைக்கு வரும் என்று கணக்குப் போடுவதுதான் உத்தியோகம். ரிடையரான பிறகு போல்ட்டும் இல்லை, லாரியும் இல்லை. லோஹேகாவில் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் நாலாவது மாடியில் வீடு வாங்கினோம். பால்கனியில் நின்றால் விமானத்தின் அடிவயிறு தெரியும். ஏர்ஃபோர்ஸ்காரன் ஜெட் கிளம்பினால் அலமாரிக் கண்ணாடி அதிரும், நான் ஆத்திரத்தில் அலறினாலும் அவர் காதில் விழாது. அவருக்கென்ன, கையில் போனை வைத்துக்கொண்டு இது எந்த ஊர் பிளேன், எங்கே போகிறது, எத்தனை மணிக்கு இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். காபி ஆறிப் போகும்.

எங்களுக்கு ஒரே பெண், தேஜஸ்வினி. புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மராத்தி, கோபம் வந்தால் ஹிந்தி. விதை ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கினாள். வேலை கிடைத்தது வடக்கே, உத்தராகண்டில், மலைக்குக் கீழே பந்த்நகர் என்கிற ஊரில், விவசாயப் பல்கலைக்கழகத்தில். வயலும் பாப்லர் மரமும் பனிமூட்டமும்தான் ஊர். ஆனால் அவளுக்கு அந்த வேலை உயிர். கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன், வேலையை மட்டும் விடச் சொல்லாதீர்கள் என்று ஒரே நிபந்தனைதான் போட்டாள். நியாயம்தானே, அவள் அப்பா இத்தனை வருஷம் போல்ட் எண்ணுவதற்கு நான் ஊரை விட்டு வரவில்லையா.

கடைசியில் இரண்டு ஜாதகம் தேறின. ஒன்று தில்லிப் பையன், பேங்க் உத்தியோகம். இன்னொன்று ஹரிபிரசாத், டேராடூனில் மத்திய சர்க்கார் ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானி, அப்பா மகாதேவன் கோயமுத்தூர்க்காரர், நல்ல மனுஷர். ராம்நகரில் இருக்கிற எங்கள் கிட்டு ஜோசியர் வீடியோவில் வந்து, இரண்டும் பொருந்துகிறது, ரஜ்ஜு தட்டவில்லை, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். தில்லிப் பையனோடு தேஜு இரண்டு தரம் போனில் பேசியிருந்தாள். நன்றாகப் பேசுகிறார், சிரிக்க வைக்கிறார் என்று என்னிடம் சொன்னாள். அவள் ஒரு ஆளைப் பற்றி அவ்வளவு சொன்னதே அபூர்வம்.

இங்கேதான் இவருடைய மூளை வேலை செய்தது. கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பக்கம். இரண்டு விமான நிலையத்தின் பெயரைக் கொடுத்தால் நடுவில் எத்தனை தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுமாம். பந்த்நகர், டேராடூன் என்று தட்டினார். நூற்றெண்பது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் என்று வந்தது. தில்லிக்குப் போட்டுப் பார்த்தார். தூரம் கொஞ்சம் அதிகம், ஏர்போர்ட்டிலிருந்து பையன் வீடு இருக்கிற கோடிக்கு இரண்டு மணி நேரம் டிராஃபிக் வேறு. ஜாதகக் குறிப்பில் பத்தாவது பொருத்தத்துக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் ‘தூரம்’ என்று எழுதி, தில்லிக்கு மத்திமம், டேராடூனுக்கு உத்தமம் என்று போட்டார். கிட்டு ஜோசியரிடம் காட்டியபோது அந்த மனுஷர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, இந்த சாஸ்திரம் நான் படிக்கலை, நீங்களே பலன் சொல்லிடுங்கோ என்றார்.

மகாதேவனும் இவருக்குச் சரியான ஜோடி. முக்கால் மணி என்று கேட்டதும், காலையில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால் மத்தியானம் ரசம் சாதத்துக்கு அங்கே போய்விடலாமே என்று பூரித்துப் போனார். இரண்டு கிழங்களும் போனில் அதையே திருப்பித் திருப்பிப் பேசிச் சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள். அந்த வழியில் பிளேன் என்று ஒன்று ஓடுகிறதா என்று இரண்டு பேரில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தேஜு மட்டும் என்னிடம், தில்லிக்கு ராத்திரி ரயில் நேராகவே இருக்கிறதே அம்மா என்றாள். அப்பாவிடம் சொல் என்றேன். அப்பா கணக்கெல்லாம் போட்டு வைத்திருக்கிறார், பாவம், விடு என்று சொல்லிவிட்டாள். அவள் சுபாவமே அதுதான்.

கல்யாணம் கோயமுத்தூரில் ஜாம் ஜாமென்று நடந்தது. மாலை மாற்றும்போது மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ஹரி குனிந்து இவள் கழுத்துக்கு எட்டுகிற மாதிரி மாலையைப் போட்டான். நல்ல பையன். இன்றைக்கும் சொல்வேன், நல்ல பையன்.

லீவு முடிந்து இரண்டு பேரும் வடக்கே போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதல் வாரக் கடைசியில் ஹரி டிக்கெட் எடுக்கப் போயிருக்கிறான். டேராடூனிலிருந்து பந்த்நகருக்கு விமானமே கிடையாது. தில்லிக்குப் போய், அங்கே காத்திருந்து, வேறு விமானம் பிடித்து, பனிமூட்டத்தில் அது இறங்கினால் உண்டு, இல்லாவிட்டால் திரும்பத் தில்லி. ஒரு பகல் அதிலேயே போய்விடும். நேராகப் போக வேண்டுமானால் காரில் ஹரித்வார், நஜீபாபாத், காசிப்பூர் என்று சுற்றிக்கொண்டு ஏழு மணி நேரம். கரும்பு வெட்டுகிற காலத்தில் விளக்கில்லாத டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போகும், அப்போது ஒன்பதும் ஆகும்.

நான் இவரைப் பிடித்து உலுக்கி எடுத்தேன். மனுஷர் என்ன சொன்னார் தெரியுமோ?

“தூரம் கரெக்ட். நேரமும் கரெக்ட். பிளேன் விடாதது என் தப்பா?”

அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் தூரத்தை அளந்து, பிளேன் என்ன வேகத்தில் போகும் என்று வகுத்து, ஒரு நேரத்தைச் சொல்லிவிடுமாம். அங்கே பிளேன் ஓடுகிறதா, காக்காய் பறக்கிறதா என்பது அதற்குக் கவலை இல்லை. இதைக்கூட அவர் எனக்குப் பாடம் நடத்துகிற மாதிரிதான் விளக்கினார். பெண்ணைப் பெற்றவர் பேசுகிற பேச்சா இது. அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் இந்தச் சண்டை நிற்கவே இல்லை. சாம்பாரில் உப்புக் கூடிப்போனால்கூட அது டேராடூனில் போய்த்தான் முடியும்.

முதல் வருஷம் அந்தக் குழந்தைகள் படாத பாடு பட்டார்கள். ஒரு மாதம் இவள் போவாள், ஒரு மாதம் அவன் வருவான். சனிக்கிழமை ராத்திரி போய்ச் சேர்ந்தால் இடுப்பு ஒடிந்துபோய்த் தூக்கம், ஞாயிறு எழுந்து குளித்துச் சாப்பிட்டால் திரும்ப மூட்டை கட்ட வேண்டியதுதான். தலை தீபாவளிக்குப் புனே வந்தபோதுதான் அவர்கள் சேர்ந்தாற்போல நாலு நாள் ஒரே கூரையில் இருந்தார்கள். அப்போதும் பாதி நேரம் ரோட்டைப் பற்றித்தான் பேச்சு. எந்த டாபாவில் டீ நன்றாக இருக்கும், எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது, எந்த டிரைவர் தூங்கி வழிவான் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு பாதி வழியில் சந்திக்கலாம் என்று ஒரு யோசனை செய்தார்கள். நடுவில் ஏதோ ஒரு ஊர், ஒரு லாட்ஜ். கவுன்ட்டரில் இருந்தவன் இரண்டு ஆதார் கார்டையும் வாங்கிப் பார்த்திருக்கிறான். இவளுடையதில் புனே விலாசம், அப்பா பேர். அவனுடையதில் கோயமுத்தூர் விலாசம். வந்தது ஒருத்தி பந்த்நகரிலிருந்து, ஒருத்தன் டேராடூனிலிருந்து. கல்யாண போட்டோ இருக்கிறதா, காட்டு என்று கேட்டானாம். கழுத்தில் தாலியோடு நிற்கிற பெண்ணை. ஹரி போனில் போட்டோவைத் தேடித் தேடி, மாலையும் கழுத்துமாக இருக்கிற ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டியிருக்கிறான். பின்னால் வரிசையில் நின்றவனும் எட்டிப் பார்த்தானாம். தேஜு இதை எனக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனை வைத்துவிட்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அதற்கப்புறம் அவர்கள் பாதி வழியில் சந்திக்கவில்லை.

சம்பந்தி மகாதேவன் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வார். சுற்றி வளைத்துக் கடைசியில், ஏதாவது விசேஷம் உண்டா என்பார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. விசேஷம் என்ன மாமா, கூரியர்லயா வரும் என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து அவர் இவரோடு மட்டும்தான் பேசுகிறார். நல்லதாகப் போயிற்று.

யாராவது ஒருத்தர் வேலையை விட வேண்டும் என்ற பேச்சும் வந்தது. அவர்கள் பக்கத்தில் தேஜு விடட்டும் என்றார்கள். அவர் ஏன் விடக்கூடாது என்று தேஜு கேட்டாள். ஹரி கோபப்படவே இல்லையாம். நீ கேட்கிறது நியாயம்தான், நான் கேட்கிறதும் நியாயம்தான் என்றானாம். அதோடு சரி. இரண்டாவது வருஷம் மாதத்துக்கு ஒன்று என்பது இரண்டு மாதத்துக்கு ஒன்றாயிற்று, அப்புறம் பரீட்சை, அப்புறம் ஆடிட், அப்புறம் பனி. கேட்டால் இரண்டு பேருமே ரோட்டைச் சொல்வார்கள். ரோடு மோசம் அம்மா, இந்தத் தடவை முடியவில்லை என்பாள். நானும் அந்த ரோட்டைச் சபிப்பேன். ரோட்டைச் சபித்து முடித்துவிட்டுப் பால்கனியில் இருக்கிறவரைச் சபிப்பேன். இந்தப் பெண் இப்படியே ஒண்டிக்கட்டையாக இருந்து, ஒரு நாள் இந்தக் கல்யாணம் கையை விட்டு நழுவிவிடுமோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பிளேன் ஒன்று விட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றே நினைத்தேன். சதுர்த்திக்குப் பிள்ளையாரிடம் கேட்டதுகூட அதைத்தான். பெண்ணுக்குக் குழந்தை கொடு என்று கேட்கவில்லை, பிளேன் விடச் சொல்லு என்று கேட்டேன். என் புத்தியும் அந்த மனுஷர் புத்தி மாதிரியே ஆகிவிட்டது, வேறென்ன.

இந்த வருஷம் தீபாவளிக்குச் சில நாள் முன்னால். நான் தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தேன். இவர் போனை நீட்டிக்கொண்டு சமையலறைக்குள் ஓடி வந்தார். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. போனில் வரைபடம், அதில் ஒரு சின்ன மஞ்சள் பிளேன் டேராடூனிலிருந்து பந்த்நகர் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

“சியாமளா, பார்த்தியா? ஓடறது. நிஜமாவே ஓடறது.”

எண்ணெய்க் கையோடு வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். நிறைய பேர் ஏற முடியாத சின்ன பிளேனாம், வாரத்தில் நாலு நாளாம். இவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பொய் சொல்வானேன், எனக்கும் வந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் தோளில் கை வைத்தேன், சட்டையெல்லாம் எண்ணெய்.

உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். நான் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். இந்தத் தீபாவளிக்கு தேஜுவை டேராடூனுக்கே அனுப்பலாம், நாங்களும் வருகிறோம், டிக்கெட் எல்லாம் என் பொறுப்பு என்று மூச்சு விடாமல் பேசினார். அந்தப் பக்கம் ஹரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். எப்போதும்போல மரியாதையான குரல்.

“அந்த ஃப்ளைட் ஏப்ரல்லேருந்தே இருக்கு மாமா.”

இவருக்குப் புரியவில்லை. ஏப்ரலா, யாருக்கும் தெரியாதே என்றார். எங்களுக்குத் தெரியும் மாமா என்றான் அவன். இவர் சிரித்துக்கொண்டே, அப்போ அடிக்கடி போய்ண்டு வந்துண்டு இருக்கேள்னு சொல்லுங்கோ, எங்களுக்குத்தான் தெரியலை என்றார். அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் பாதியில் நின்றது.

“ஒரு தடவை போனேன் மாமா. காலம்பர போயிட்டு சாயங்காலமே திரும்பிட்டேன்.”

தேஜு டேராடூனுக்கு வந்தாளா என்று இவர் கேட்டார். இல்லை என்றான். ஆபீஸில் யாரோ கூப்பிடுகிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, டைமிங் சரியில்லையோ என்னவோ, ராத்திரி ஃப்ளைட் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்திருப்பான் என்று முணுமுணுத்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தேஜுவைக் கூப்பிட்டேன்.

ஏப்ரலிலிருந்து ஏன்டி எங்களிடம் சொல்லவில்லை என்றேன். முதலில் ஏதேதோ சொன்னாள். அப்புறம் அவளே நிறுத்திவிட்டாள்.

அந்த ஒரு தடவை அவன் வந்ததைச் சொன்னாள். காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டானாம். முன்பெல்லாம் ஏழு மணி நேரம் ரோட்டில் வந்து இறங்கினால் அலுப்பாக இருக்கும், சாப்பிட்டுத் தூங்கிவிடுவான், இவளும் பக்கத்தில் தூங்குவாள், எழுந்தால் கிளம்புகிற நேரம் ஆகிவிடும். அன்றைக்கு அலுப்பே இல்லை. குளித்த ஈரம்கூட முழுசாகக் காயாமல் வந்திருக்கிறான். காபி குடித்தார்கள். ஃப்ளைட் எப்படி இருந்தது என்று கேட்டாள், நன்றாக இருந்தது என்றான். சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை, முக்கால் மணி நேரத்தில் என்ன நடந்துவிடும். அப்புறம் முழுப் பகலும் இரண்டு பேரும் விழித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்களாம். அவன் இவளுடைய புத்தக அலமாரியைப் பார்த்தான். இவள் மத்தியானத்துக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். கட்டின புருஷனிடம். எது வேண்டுமானாலும் என்றான் அவன். மூன்று மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தான். இவளும் அப்போதுதான் பார்த்தாளாம். சாயங்கால ஃப்ளைட்டில் இடம் இருக்கிறது என்றான், சரி என்று ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

“திரும்பி வரச்சே எனக்கு நிம்மதியா இருந்ததும்மா. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். ஏதாவது தகராறா, அவன் ஏதாவது சொன்னானா, அவன் அம்மா ஏதாவது தூண்டிவிட்டாளா, சொல்லு, நான் இப்போதே கேட்கிறேன் என்றேன். அப்படி ஏதாவது இருக்கட்டுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். தகராறு என்றால் பேசித் தீர்க்கலாம். யார் காலிலாவது விழலாம்.

“அரே, சண்டையே இல்லைம்மா. சண்டை போடற அளவுக்கு நாங்க பழகலை.”

பிரிந்துவிடலாம் என்று போன மாதமே இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்களாம். யாரும் அழவில்லையாம். தீபாவளி கழிந்து சொல்லலாம், பெரியவர்களுக்குப் பண்டிகை கெட வேண்டாம் என்று ஹரிதான் சொன்னானாம். எவ்வளவு நல்ல பையன் பாருங்கள். பிளேன் இல்லாதவரைக்கும் எங்களுக்குப் பேச ஒரு விஷயமாவது இருந்தது அம்மா என்று சொல்லிவிட்டுத்தான் அவள் அழுதாள். நான் இத்தனை வருஷம் வாய் ஓயாமல் பேசினவள். அழாதே என்றுகூடச் சொல்லவில்லை. அவள் அழுது முடித்து, வைக்கட்டுமா என்று கேட்டாள். வை என்றேன்.

வெளியே வந்தபோது இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். மெதுவாகச் சொல்ல வேண்டும், கிழவருக்கு ரத்தக்கொதிப்பு என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். முக்கால் மணி, முக்கால் மணி என்று குதித்தீர்களே, கடைசியில் திரும்பிப் போகத்தான் அது சௌகரியமாக இருந்தது என்று சொன்னேன். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். அன்றைக்குச் சொல்லாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாதம் போட்டு வைத்தேன், சாப்பிடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவராகவே வாயைத் திறந்தார். நாம் இரண்டு பேரும் போவோம், நேரில் உட்காரவைத்துப் பேசினால் கேட்பார்கள், சின்னஞ்சிறுசுகள்தானே என்றார். எனக்கும் அதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. போடுங்கோ டிக்கெட் என்றேன்.

டிக்கெட் எடுக்கிற பக்கத்தைத் திறந்தார். கிளம்புகிற ஊரில் புனே என்று தட்டினார். அடுத்த கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எந்த ஊருக்குப் போடட்டும்?”

“ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கற ஊருக்குப் போடுங்கோ” என்றேன். அவர் கை அப்படியே இருந்தது.